யானைப்புளிக்கு எது சொந்த ஊர்?

போன வருஷம் பங்குனியில ஒரு நண்பனோட கல்யாணத்துக்காக ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரையோர ஊருக்குப் போயிருந்தேன். ஆறு மணி முகூர்த்தம், ஏழரைக்கு பந்தி முடிஞ்சிடுச்சு. பஸ் பதினோரு மணிக்குத்தான். நடுவுல இருந்த நேரத்தை என்ன பண்றதுன்னு தெரியாம ஊரைச் சுத்தக் கிளம்பினப்போதான் அதைப் பார்த்தேன்.

மரம்னு சொல்றதுக்கே கொஞ்சம் யோசிக்கணும். அடிப்பாகம் யானை உடம்பு மாதிரி. அதே சாம்பல் நிறம், அதே தோல் சுருக்கம். மேலே போகப் போக சட்டுன்னு குறுகி நாலஞ்சு மொட்டைக் கிளை. ஒரு இலை கிடையாது. யாரோ மரத்தைப் பிடுங்கித் தலைகீழா நட்டுட்டுப் போன மாதிரி நின்னுது. (ஆப்பிரிக்காவுலயும் இந்த மரத்தைக் கடவுள் தலைகீழா நட்டார்னுதான் கதை இருக்காம்.) நாங்க மூணு பேர் கை கோத்து நின்னும் பாதி மரத்தைக்கூட வளைக்க முடியலை.

எதிர்த்தாப்புல இருந்த டீக்கடைக்காரர், "பொந்தம்புளி தம்பி இது"ன்னார். உள்ள போய் ஒரு காயை எடுத்துட்டு வந்து கொடுத்தார். வெல்வெட் துணி சுத்தின சின்ன சுரைக்காய் மாதிரி இருந்துது. உடைச்சா உள்ள வெள்ளையா, காஞ்ச சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு சதை. வாயில போட்டா கரைஞ்சு புளிக்குது. நல்லா இருந்துதுங்க, நிஜமாவே.

விதையை எல்லாம் கர்சீப்புல முடிஞ்சு சென்னைக்குக் கொண்டு வந்தேன். ஓடு ரொம்ப கெட்டி. ஒரு ராத்திரி வெந்நீர்ல ஊறப் போட்டு தொட்டியில நட்டேன். எட்டு விதையில ரெண்டு முளைச்சுது. மேடவாக்கம் ஃபிளாட்டோட பால்கனியில, கொடியில காயற சட்டைக்குக் கீழே, ரெண்டு யானைக்குட்டி. சரி, எங்க ஊர் சுவாமிமலையில காவேரிக் கரையோரமா நட்டுடலாம்னு முடிவு பண்ணினேன். பிரச்சனை அங்கதான் ஆரம்பிச்சுது.

எங்க ஊர்ல பசங்க சில பேர் சேர்ந்து மரம் நடறாங்க. 2018-ல கஜா புயல் டெல்டாவுல மரங்களைச் சாய்ச்சுட்டுப் போனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சது. நல்ல பசங்க. சனி ஞாயிறு தூக்கத்தைக் கெடுத்துட்டு குழி தோண்டறவங்க. அவங்க வாட்ஸப் குழுவுல கன்னுக்குட்டியைக் காட்டற மாதிரி பெருமையா என் செடி போட்டோவைப் போட்டேன். வந்த பதில் ரெண்டு வகை.

முதல் வகை: "அண்ணே, நாங்க நாட்டு மரம் மட்டும்தான் வைக்கறோம். இது வெளிநாட்டு மரம். சீமைக்கருவேலத்தை விட்டு இன்னும் நாம எந்திரிக்கலை, நீங்க அடுத்தது கொண்டாரீங்களே."

ரெண்டாவது வகை இன்னும் ஜோர். ஒருத்தர் ஒரு ஃபார்வர்டு போட்டார். யானைப்புளி நம்ம ஆதி மரம், ராஜராஜ சோழன் யானைப்படைக்காக நட்டது, ஆயிரம் வருஷமா நிக்குது, வெள்ளைக்காரன் இதை ஆப்பிரிக்க மரம்னு மாத்தி எழுதிட்டான், பத்து பேருக்கு அனுப்பவும். அதுக்கு இருபத்தி மூணு கும்பிடு பொம்மை!

சாயங்காலம் அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அது நம்ம மரம் இல்லடா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். அப்பனுக்கே பாடம் சொன்ன சாமி இருக்கற ஊர்லதான் நான் பொறந்தேன். ஆனா அந்த சக்தி எனக்கு இன்னும் வரலை :-)

ஆனா அந்த "நம்ம மரம்"ங்கற வார்த்தை தூங்க விடலை. வேலையில ஒரு பக் வந்தா முதல்ல என்ன பண்ணுவோம்? அந்த வரியை யார் எழுதினது, எப்ப எழுதினதுன்னு பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்ப்போம். அதையே இந்த மரத்துக்கும் பண்ணிப் பார்த்தேன். கிடைச்சது இதுதான்.

முதல்ல பேரு. தமிழ்ல யானைப்புளி, ஆனைப்புளி, பெருக்கமரம், பொந்தம்புளி, பப்பரப்புளின்னு இத்தனை பேர். இதுல பப்பரப்புளியைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல போட்ட 56 தேசப் பட்டியல்ல பப்பரம்னு ஒரு தேசம் உண்டு. வடமொழியில பர்பரம். நான் படிக்கற வரைக்கும் பப்பரப்புளின்னா "அசலூர்ப் புளி"ன்னுதான் அர்த்தம். அதாவது வெள்ளைக்காரன் யாரும் மாத்தி எழுதலை. நம்ம முன்னோர்களே மரத்தோட பேர்லயே அட்ரஸை எழுதி ஒட்டியிருக்காங்க. மத்தியப் பிரதேசத்துல மாண்டுங்கற பழைய கோட்டை ஊர்ல இந்த மரம் நிறைய. அங்க பேரு மாண்டு இம்லி, இன்னொரு பேரு குராசானி இம்லி. இம்லின்னா புளி. அங்கயும் அசலூர்ப் புளிதான். ஹைதராபாத் கோல்கொண்டாவுல ஒரு ராட்சச மரம் இருக்கு, பேரு ஹாத்தியான் கா ஜாட். யானை மரம். யார்கிட்டயும் கேக்காம எல்லா ஊர்க்காரனுக்கும் யானையும் புளியும்தான் ஞாபகம் வந்திருக்கு பாருங்க.

தாவரவியல்ல இதோட பேரு அடன்சோனியா டிஜிடாட்டா. பொதுவா பாவோபாப். மொத்தம் எட்டு இனம். ஆறு மடகாஸ்கர்ல மட்டும், ஒண்ணு ஆஸ்திரேலியாவுல, ஒண்ணு ஆப்பிரிக்கப் பெருநிலத்துல. நம்ம ஊர்ல நிக்கறது அந்த ஆப்பிரிக்க இனம்.

வயிறு ஏன் இப்படி? அடிமரம் முழுக்க பஞ்சு மாதிரி மெத்துன்னு தண்ணி சேர்த்து வச்சிருக்கற திசு. இந்த மரம் வருஷத்துல பல மாசம் மொட்டையா நிக்கும். மழை வர்றதுக்கு முன்னாடியே சேமிப்பை எடுத்து துளிர் விட்டுடும். பட்டையை உரிச்சா வேற மரம் செத்துடும், இது திரும்ப வளர்த்துக்கும். அதனாலதான் ஆப்பிரிக்காவுல பட்டையில இருந்து கயிறு திரிக்கறாங்க. பூ சாயங்காலம் விரியும், வௌவால் வரும், காலையில வாடிடும். ஒரே ராத்திரி.

"ஆயிரம் வருஷம்"ங்கறதுக்கு வருவோம். குண்டா இருக்கறதை வச்சு இதுக்கு வயசு சொல்ல முடியாது. பல தண்டுகள் சேர்ந்து ஒண்ணாகித்தான் அந்தப் பெரிய உடம்பு வருது. வளையத்தை எண்ணியும் நம்பிக்கையா சொல்ல முடியாது. கார்பன் தேதி பார்க்கணும். உத்தரப் பிரதேசத்துல பிரயாக்ராஜ் பக்கத்துல ஜூன்சியில நிக்கற மரத்துக்கு அப்படிப் பார்த்திருக்காங்க. 700 வருஷத்துக்கு மேல வந்துது. அதாவது வாஸ்கோடகாமா 1498-ல கோழிக்கோட்டுல இறங்கறதுக்கு முன்னாடியே இந்த மரம் இந்தியாவுக்கு வந்தாச்சு. அதே மாநிலத்துல கிந்தூர்ங்கற ஊர்ல நிக்கற பாவோபாபை பாரிஜாதம்னு கும்பிடறாங்க. அர்ஜுனன் தேவலோகத்துல இருந்து கொண்டு வந்ததுன்னு ஐதீகம். தேவலோகத்துல இருந்துன்னாலும் வெளியூர்தானே!

சரி, நம்ம பக்கத்து மரம் எங்க இருந்து வந்துது? இங்கதான் எனக்குத் தூக்கிப் போட்டுது. 2015-ல ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துது. ஹரிப்ரியா ரங்கன் உட்பட நாலு பேர் எழுதினது. ஆப்பிரிக்கா, இந்தியா, மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகள், மலேசியான்னு பல இடத்து மரங்களோட மரபணுவை, கைரேகை பார்க்கற மாதிரி, ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மேற்கு இந்தியா, மத்திய இந்தியா மரங்கள் ஒரு தனிக் கூட்டம். அதுக்கு நெருங்கின சொந்தம் மொம்பாசாவுல இருந்து தார் எஸ் சலாம் வரைக்கும் இருக்கற கிழக்கு ஆப்பிரிக்கக் கரை. ஆனா தென்கிழக்கு இந்தியா, அதாவது நம்ம கரை? அது சேர்ந்தது மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளோட, மலேசியாவோட, அதுக்கெல்லாம் அப்பால மேற்கு ஆப்பிரிக்காவோட. 18, 19-ம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பியக் காலனிகளோட கப்பல் பாதையில வந்திருக்கணும்னு அவங்க முடிவு.

இப்ப இதைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுப் பாருங்க. அடன்சோனியாங்கற பேரு மிஷேல் அடன்சன் என்கிற பிரெஞ்சுக்காரரோட பேர்ல இருந்து வந்தது. 1749-ல செனகலுக்குப் போனவர். அவர் அங்க வேலை பார்த்தது பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. அந்த வருஷங்கள்ல அதே கம்பெனி கையிலதான் மொரீஷியஸ், ரீயூனியன், பாண்டிச்சேரி, 1739-ல இருந்து காரைக்காலும் இருந்துது. காரைக்கால் எங்க இருக்கு? எங்க காவேரி கடலுக்குப் போற பக்கம். சுவாமிமலையில இருந்து ரெண்டு மணி நேர பஸ்.

அந்தக் கப்பல்கள்ல மரவிதை மட்டும் போகலை. ஆப்பிரிக்காவுல இருந்து மனுஷங்களைப் பிடிச்சு அடிமையா ஏத்தினாங்க. பாண்டிச்சேரிப் பக்கத்துல இருந்து தமிழர்களையும் அடிமையா, கொத்தனாரா, தச்சரா மொரீஷியஸுக்குக் கொண்டு போனாங்க. அப்புறம் 19-ம் நூற்றாண்டுல காரைக்கால்லயும் பாண்டிச்சேரியிலயும் கப்பல் ஏறி ரீயூனியன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா போனவங்க எத்தனையோ பேர். அவங்க வாரிசுகளை இன்னிக்கும் அங்க "மல்பார்"னு கூப்பிடறாங்க. மேல சொன்ன ஆய்வுலயே இன்னொரு வரி இருக்கு. சாம்பேசி நதிக்கரையிலயும் கில்வாவுலயும் ஒரே இடத்துல பல ஊர் மரங்களோட ரேகை கலந்து கிடக்கு. 15-ல இருந்து 19-ம் நூற்றாண்டு வரைக்கும் உள்நாட்டுல பிடிச்ச ஜனங்களைக் கரைக்கு நடத்திக் கூட்டி வந்ததோட தடமா அது இருக்கலாம்னு சொல்றாங்க.

எனக்கு அந்த ஃபார்வர்டு மேல இருந்த கோபம் இந்த இடத்துலதான் நிஜக் கோபமா மாறிச்சு. முதல்ல சிரிப்பாத்தான் இருந்துது. யோசிச்சுப் பாருங்க. சங்கிலியில நடந்தவங்களைப் பத்தி யாரும் வரலாறு எழுதலை. பேர் இல்லை, கல்வெட்டு இல்லை. அவங்க சாப்பிட்ட ஒரு புளிப்புக் காயோட விதை மட்டும் எங்கயோ முளைச்சு, இன்னிக்கு ஒரு டீக்கடைக்கு எதிர்ல சாட்சியா நிக்குது. அதைப் போய் "ராஜராஜன் நட்டது"ன்னு சொன்னா, நாம மரத்தைப் பெருமைப்படுத்தலை. ஒரு சாட்சியோட வாயை அடைக்கறோம். ராஜராஜனுக்கு பெரிய கோயில் இருக்கு சார். அவருக்கு இந்த மரம் தேவையில்லை.

சரி, முதல் வகை ஆளுங்களுக்கு வருவோம். "நாட்டு மரம் மட்டும்."

இந்த மரத்தை நாம எதோட பேர்ல கூப்பிடறோம்? புளி. அந்தப் புளியே ஆப்பிரிக்காதான்! அரபிக்காரன் அதைப் பார்த்து "தமர் ஹிந்தி", இந்தியப் பேரீச்சைன்னான். அதுல இருந்து தாமரிண்டஸ் இண்டிகான்னு லத்தீன் பேரே வந்துடுச்சு. ஆதிகாலத்துலயே வந்ததால நாம பாஸ்போர்ட் கேக்கலை, அவ்வளவுதான். நம்ம கோயில் புளியோதரையில புளி ஆப்பிரிக்கா, மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டம். கும்பகோணம் டிகிரி காபின்னு ஊர் ஊரா பித்தளை டபராவோட போர்டு வைக்கறாங்களே, அந்தக் காப்பிக்கொட்டை எத்தியோப்பியாச் செடி.

எங்க ஊர்ப் பெருமை பஞ்சலோக விக்கிரகம். 2008-09-ல புவிசார் குறியீடு வாங்கினது. அதாவது "இது இந்த ஊரோடது"ன்னு அரசாங்கமே கொடுத்த சர்டிபிகேட். சின்ன வயசுல ஸ்தபதி வீட்டுப் பட்டறையில நின்னு வேடிக்கை பார்த்திருக்கேன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி மெழுகு பிடிப்பாங்க. அந்தக் கடலை நேத்து வந்தது, கொலம்பஸுக்கு அப்புறம். செம்பு, தகரம் எதுவும் காவேரி டெல்டாவுல விளையறது இல்லை. எல்லாம் வெளியில இருந்து வரணும், சோழர் காலத்துலயும் அப்படித்தான். அப்ப இதுல சுவாமிமலை எது? மெழுகு மேல பூசற காவேரி வண்டல் மண். அப்புறம் அந்தக் கை. ஊர்ங்கறது அதுல இருக்கு.

அதனால "எங்க பொறந்தே?"ங்கற கேள்வியை மரத்துக்கிட்ட கேக்கலாம், கேக்கணும். ஆனா அந்த பதிலை வச்சு மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் வேற கேள்விக்குத்தான்: "இங்க வந்து என்ன பண்றே?"

சீமைக்கருவேலம் வெளிநாட்டுலேர்ந்து வந்ததுங்கறது அதோட குத்தம் இல்லை. குளம், கண்மாய், தரிசுன்னு தானா பரவி, மத்த செடிக்கு இடமில்லாம பண்ணுது. அதுதான் குத்தம். 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்கு அப்புறம் ஊர் ஊரா வெட்டினதும் அதுக்காகத்தான். யானைப்புளி நம்ம ஊருக்கு வந்து சில நூறு வருஷம் ஆகுது. இன்னிக்கும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய நிலைமை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கறது நியாயமே இல்லை.

இன்னும் ஒரு கூத்து சொல்றேன். 2024-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு, எட்டு இனத்தோட மரபணுவையும் படிச்சுட்டு, பாவோபாப் குடும்பமே மடகாஸ்கர்ல தோணினது, அங்க இருந்துதான் ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடல் தாண்டிப் போச்சுன்னு சொல்லுது. அதாவது ஆப்பிரிக்காவுக்கே இது வெளியூர் மரம்! இப்ப சொல்லுங்க, எந்த வருஷத்துல கோடு போடுவீங்க? யாரை இந்தப் பக்கம் வைப்பீங்க, யாரை அந்தப் பக்கம்?

இதையெல்லாம் எழுதறவன் ஒரு விஷயத்தையும் ஒத்துக்கணும். கடைசியில நான் அந்தச் செடியைக் காவேரிக் கரையில வைக்கலை.

பசங்க சொன்ன காரணம் தப்பு, முடிவு சரி. இந்த மரம் வறண்ட, தண்ணி வடியற மண்ணுல வாழ்ந்து பழகினது. எங்க ஊர் வண்டல் களிமண். ஐப்பசி அடைமழையில கரையோரம் தண்ணி தேங்கினா, தண்ணி சேர்த்து வைக்கற அந்த உடம்பே அழுகிடும். ஆத்தங்கரைக்கு ஆத்தங்கரை மரம்தான் வேணும். மருது, நாவல், புங்கை, இலுப்பை. பசங்க அதைத்தான் வைக்கறாங்க, நல்லாவே வைக்கறாங்க. எனக்கு வேணும்ங்கறதுக்காக ஒரு மரத்தைத் தப்பான இடத்துல நடறதும் ஒரு வகை வம்புதான்.

ஒரு செடியை அந்தக் கல்யாண மாப்பிள்ளைகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். அவங்க ஊர் மணல்ல, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நட்டிருக்கான். போட்டோ அனுப்பினான், முழங்கால் உயரம் வந்திருக்கு.

இன்னொண்ணைப் பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். தொட்டியிலயே இருக்கட்டும்னு கொல்லைப்புறத்துல வச்சுட்டு, அப்பாகிட்ட இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். காரைக்கால் கப்பல், புளி, காப்பி, கடலை எண்ணெய் எல்லாம். டம்ளரை ஆத்திக்கிட்டே கேட்டார். ஒண்ணும் சொல்லலை.

மறுநாள் காலையில எழுந்து பார்த்தா கொல்லையில மாட்டுக்கொட்டகை இருந்த பழைய மேட்டுல மண்வெட்டியோட நிக்கறார். பக்கத்துல ஒரு கூடை செங்கல் ஜல்லி, ஒரு கூடை ஆத்து மணல்.

"இங்கதான்டா தண்ணி நிக்காது. கன்னை எடுத்துட்டு வா"ன்னார்.

உங்க ஊர்ல யானைப்புளியோ பொந்தம்புளியோ வேற பேர்ல வயிறு பெருத்த மரமோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அது எப்படி வந்துதுன்னு ஊர்ல என்ன கதை சொல்றாங்கன்னும் எழுதுங்க. கதை பொய்யா இருந்தாலும் பரவாயில்லை, கதைன்னு சொல்லியே எழுதுங்க. வரலாறுன்னு மட்டும் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க :-)

டிஸ்கி: மரம் நடற பசங்களும் இந்தப் பதிவைப் படிப்பாங்க. தம்பிகளா, அடுத்த ஞாயித்துக்கிழமை குழி தோண்ட நானும் வரேன். மருதுதான் நடப் போறோம், கையில வேற ஒண்ணும் கொண்டு வர மாட்டேன். சத்தியமா!